இது என்னதுங்க தம்பி?

லோகோ வரைந்து பிழைக்கிறவன் நான். கோயம்புத்தூரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர், இதுதான் ஸ்டூடியோ. பல் டாக்டருக்குப் பல், பள்ளிக்கூடத்துக்குத் திறந்த புத்தகம், பேக்கரிக்குக் கோதுமைக் கதிர் என்று வரைந்து கொடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கலரைக் கொஞ்சம் கூட்டச் சொல்வார்கள், பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வார்கள், பணத்தை மட்டும் கொஞ்சம் இழுத்தடிப்பார்கள். எந்தப் பொருளாகவும் இல்லாத ஓர் உருவத்தை மேஜைமேல் வைத்தால்தான் அறையே ஒரு நிமிஷம் கம்மென்று ஆகிவிடும். அப்புறம் அந்தக் கேள்வி வரும். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது என்னதுங்க தம்பி?"

நாங்கள் அதை அப்ஸ்ட்ராக்ட் லோகோ என்போம். சிறுபத்திரிகைக்காரர்கள் அரூபம் என்பார்கள். என் அம்மா "கோடு கோடா ஏதோ போட்டு வெச்சிருக்கான்" என்பார். பெயர் எதுவானாலும், அந்தக் கேள்விக்கு நான் பல வருஷங்களாகப் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூசாமல், ஸ்லைடு போட்டு, மூன்று பாயிண்டாகப் பிரித்துச் சொன்ன பொய். அதில் ஒரு பொய் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மயில், கோழி, நாலு மில்லிமீட்டர்

2014இல் ஒரு பம்பு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அப்பா ஆரம்பித்த தொழிலை இப்போது மகன் பார்க்கிறார். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா மருதமலை முருகன் பக்தர், அதனால் கம்பெனிக்கு மயில் சின்னம். யாரோ ஒரு கைதேர்ந்த ஓவியர் அந்தக் காலத்தில் வரைந்தது. தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரியும். பேப்பரில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கஷ்டம் என்னவென்றால், பம்பைப் பேப்பரில் செய்வதில்லை. வார்ப்பிரும்பு. சின்னம் பம்பின் உடம்பிலேயே புடைத்துக்கொண்டு வரவேண்டும். மண் அச்சில் அந்தத் தோகைக் கண்கள் எதுவும் நிற்காமல் உதிர்ந்துவிடும். இரும்பு ஊற்றி, ஆறவிட்டு, அச்சை உடைத்து, பெயிண்டும் அடித்து முடித்தால் கிடைப்பது கால் முளைத்த ஒரு கட்டி. மத்தியப் பிரதேசத்து டீலர் ஒருவர் "முர்கா பம்பு முப்பது அனுப்புங்கள்" என்றுதான் போனில் ஆர்டர் கொடுப்பாராம். முர்கா என்றால் சேவல். "எங்கப்பாவோட மயிலைக் கோழிங்கறானுங்க தம்பி" என்று அண்ணா நிஜமாகவே வருத்தப்பட்டார். நானும் கூட உட்கார்ந்து வருத்தப்பட்டேன். எங்கோ ஒரு ஊரில் கல்லாவில் உட்கார்ந்தபடி அந்த மனிதர் எனக்கு ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

லோகோ வேலையில் முதலில் பார்க்கவேண்டியது அது எங்கே உட்காரப்போகிறது என்பதை. அதனால் ஃபவுண்டரிக்குப் போனேன். அங்கே பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சு பதிக்கும் மாதிரி உரு, செய்கிறவர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல், என் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு மில்லிக்குக் கீழ கோடு போடாதீங்க. கூரான மூலை வெக்காதீங்க, மண்ணு பிச்சுக்கிட்டு வந்துரும். ஓரத்துக்குச் சரிவு குடுங்க, அப்பத்தான் பேட்டர்னை உருவறப்ப அச்சு கலையாது." அவ்வளவுதான் சொன்னார். அடுத்து சுவர் விளம்பரம் எழுதுகிறவரைப் பார்த்தேன். கிராமத்துக் கிணற்றடிச் சுவரில் பம்பு விளம்பரம் எழுதுவதுதான் அவருடைய பிழைப்பு. ஆணியும் கயிறும் இருந்தால் எந்த வட்டத்தையும் அரை நிமிஷத்தில் போட்டுவிடுவேன், மயில் என்றால் அரை நாள் போய்விடும், கூலியும் சேர்த்துத்தான் கேட்பேன் என்றார். இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த லோகோவை வரைந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளைவுகள், ஒவ்வொன்றின் வாயும் முந்தியதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும், முனைகள் எல்லாம் மழுங்கல், கோட்டின் அகலம் எங்கேயும் ஒரே அளவு. வரைந்து முடித்தபிறகு தூரத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஜாடையும் அதில் தெரிந்தது. அதுவும் தற்செயல்தான்.

இதை இப்படியே சொல்லியிருக்கலாம். "அண்ணா, நாலு மில்லிமீட்டர் கோடு, ஒரு கயிறு, ஒரு ஆணி, இதுதான் காரணம்." சொல்லத் தைரியம் வரவில்லை. இவ்வளவு சாதாரணமான காரணத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து ஒரு ஸ்லைடு செய்தேன். வெளி வளைவு பூமி, நடு வளைவு நீர், உள் வளைவு உழவன். மூன்றும் சுழல்வது பருவங்களின் சுழற்சி. எங்கள் தொழிலில் இதற்குக் கான்செப்ட் என்று பெயர். முதலில் படம், அப்புறம் கான்செப்ட், ஆனால் காட்டும்போது கான்செப்ட்டைத்தான் முன்னால் வைப்போம். அண்ணா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உழவன் உள்ள இருக்கறது புடிச்சிருக்குதுங்க" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது.

இரண்டு வங்கிகள், இரண்டு தண்ணீர்க் கதைகள்

அந்த வெட்கத்தை ஆற்றிக்கொள்ளத்தான் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் போய் நிற்கிற முதல் படி நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி. 1955இல் இரண்டு வங்கிகள் ஒன்றாகி உருவானது. அதற்கு செர்மாயெஃப் அண்ட் கைஸ்மார் நிறுவனம் போட்டுக் கொடுத்தது ஓர் எண்கோணம். நான்கு துண்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நிற்க, நடுவே ஒரு வெள்ளைச் சதுரம். 1961இல் வெளியே வந்தபோது அமெரிக்கப் பெரு நிறுவனம் ஒன்று இப்படி எதையும் காட்டாத ஓர் உருவத்தைப் போட்டுக்கொள்வது புதுசு. வங்கியின் மேலிடத்தில் இருந்தவர்களிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. எதிர்த்த பெரிய அதிகாரி ஒருவர் சில மாதம் கழித்துப் பார்த்தால் அதே எண்கோணத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நின்றார் என்று வடிவமைத்தவர்கள் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். 1996இல் கெமிக்கல் பேங்க் அந்த வங்கியை வாங்கியது. வாங்கியவர் தன் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாங்கப்பட்டவரின் பெயரையும் எண்கோணத்தையும் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெயரைப் பெண் எடுத்துக்கொள்வதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இது வீட்டோடு மாப்பிள்ளைக் கதை.

ஆனால் என்னை உட்காரவைத்தது வேறொரு விஷயம். அந்த எண்கோணத்துக்கு ஓர் அர்த்தமும் உலவியது. இணைந்த இரண்டு வங்கிகளில் ஒன்றான மன்ஹாட்டன் கம்பெனி 1799இல் ஏரன் பர் என்கிற அமெரிக்க அரசியல்வாதி தொடங்கியபோது ஊருக்குத் தண்ணீர் விடுகிற கம்பெனி. மரக் குழாய்களில் தண்ணீர் போனது. அந்தப் பழைய மரக்குழாயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்தான் இந்த எண்கோணம் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழகான கதை. கடைசியில், அப்படியெல்லாம் ஒன்றும் நினைத்து வரையவில்லை என்று மறுப்பும் வந்துவிட்டது. படம் வந்த பிறகு யாரோ எங்கேயோ ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து ஸ்லைடு செய்திருக்கிறார்கள்!

நம் ஊருக்கு வருவோம். ஸ்டேட் பேங்கின் நீல வட்டத்தைத் தெரியாதவர் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேகர் காமத் வடிவமைத்தது. ஒரு வட்டம், நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து கீழே ஒரு வெட்டு. வட்டம் முழுமையையும் நடுவில் இருக்கும் சிறு உருவம் சாமானிய மனிதனையும் குறிப்பதாக ஒரு விளக்கம் உண்டு. இன்னொரு பக்கம், அகமதாபாத்தின் காங்கரியா ஏரியை மேலேயிருந்து பார்த்தால் அப்படியே இதுதான் என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு முறையாவது வந்துவிடும். வட்டமான ஏரி, நடுவே தீவு, தீவுக்கு ஒரு பாதை; பார்க்க ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. இங்கேயும் தண்ணீர்! நியூயார்க்கில் குழாய், அகமதாபாத்தில் ஏரி. வங்கிக்கு அர்த்தம் தேடப் போகிறவர்களெல்லாம் ஏன் தண்ணீரில் போய் விழுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பென்ஷன் வாங்க மாதாமாதம் அந்த வங்கிக்குப் போய்வந்த என் மாமாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்த வட்டம் என்னது மாமா என்று. "சாவி ஓட்டை" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு. சாமானிய மனிதனும் ஏரியும் அவரை எட்டவேயில்லை. பணம் வைக்கிற இடம், பூட்டு இருக்கும், சாவி ஓட்டை இருக்கும். முடிந்தது.

ஆத்தா சொன்னது

பம்பு கம்பெனிக்குத் திரும்புகிறேன். புது லோகோவை வெளியிடும் நாளில் தொழிற்சாலையில் பூஜை. புது பேட்டர்னில் வார்த்த முதல் பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டீலர்கள் முப்பது நாற்பது பேர் முன்னால் துணியை விலக்கினார்கள். கைதட்டினார்கள். எதைப் பார்த்தாலும் கைதட்டுவதற்காகவே கூப்பிட்டு உட்காரவைத்த கூட்டம் அது. முன்வரிசையில் அண்ணாவின் அம்மா, எண்பது வயது ஆத்தா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். எல்லோரும் அமைதியாக இருந்த நேரமாகப் பார்த்துக் கணீரென்று கேட்டார்:

"ஏங் கண்ணு, இது வெளுக்கப் போட்ட வேட்டில இருக்கற குறியாட்டம் இருக்குது?"

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. டீலர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணா என்னைப் பார்க்காமல் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். ஆறு மாத உழைப்பு, பூமி, நீர், உழவன், எல்லாம் ஒரே சொல்லில் சலவைக்குப் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஆத்தாமேல் கோபம்கூட வந்தது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

கோபம் இறங்க சில நாள் ஆயிற்று. இறங்கிய பிறகு என் அம்மிச்சி வீட்டு வேட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் தெரியாது. வெளுக்கப் போடும் துணியின் ஓரத்தில், மடிப்புக்குள் மறைகிற மாதிரி, சேங்கொட்டைச் சாற்றால் ஒரு சின்னக் குறி இருக்கும். எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் போகாத கறுப்பு. எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு. எதிர்வீட்டுக்கு மூன்று புள்ளி. மணியக்காரர் வீட்டுக்கு ஒரு கூட்டல் குறி, கீழே ஒரு புள்ளி. ஊர்த் துணி முழுக்க ஒரே துறையில் வெளுத்து, ஒரே கொடியில் காய்ந்து, ஒரே மூட்டையில் வரும். குறியைப் பார்த்து அவரவர் துணி அவரவர் வீட்டுக்கு வந்து சேரும். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் எதைக் குறிக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்களைக் குறிக்கிறது, அவ்வளவுதான். என் தாத்தா சுடுகாட்டுக்குப் போனபோது போர்த்திய வேட்டியிலும் அந்தக் குறி இருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது இரண்டு புள்ளியும் ஒரு சாய்ந்த கோடும் பார்த்தால் எனக்கு மனசு ஒரு நொடி அந்த வீட்டு முற்றத்துக்குப் போய் வரும்.

அந்தக் குறியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. துணி வெளுத்தவர் வைத்தது அது. எங்கள் வீட்டைப் பற்றி எங்களைக் கேட்காமல் அவர் முடிவுசெய்தது. (அவ்வளவு முடிவுசெய்த மனிதர் மூட்டையை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியேதான் நின்றார், உள்ளே வந்து ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பதையும் சொல்லாமல் இந்த நினைவை அழகாக்கினால் அது இன்னொரு ஸ்லைடு.) அடையாளத்தைப் புழங்குகிறவர்தான் அதற்குச் சொந்தக்காரர். வீட்டுக்காரருக்கு அதில் பெரிய பாத்தியதை இல்லை.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் நாம் ஒன்றும் அரூபத்துக்குப் புதியவர்கள் இல்லை. நெற்றி நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்கிற ஒரு கோட்டு வித்தியாசத்தை வைத்து ஊர் இரண்டாகி, வடகலை தென்கலை என்று கோர்ட்டுப் படியேறிய வழக்குகள் காஞ்சிபுரத்துக்கு எவ்வளவு பழசு! பிரிட்டனில் 1876இல் பதிவான முதல் வணிகச் சின்னமே பாஸ் என்கிற பீர் கம்பெனியின் வெறும் சிவப்பு முக்கோணம்தான்.

கதிர்கா

சரி, வெறும் கோடும் வட்டமும் எப்படி ஒருவருக்குப் பிடித்துப்போகிறது? இதற்கு விஞ்ஞானிகளிடம் ஒரு பதில் இருக்கிறது. ராபர்ட் ஸயான்ஸ் என்கிற உளவியலாளர் 1968இல் எழுதியது: ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதன்மேல் ஒரு பிடிப்பை உண்டாக்கப் போதும். அவரும் ராஜெக்கி என்பவரும் சேர்ந்து செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மிச்சிகனில் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர் பத்திரிகைகளில் ஒரு சின்னப் பெட்டி விளம்பரம் வந்தது. உள்ளே ஒரே ஒரு சொல். துருக்கி மொழி போல ஒலிக்கும், அங்கே யாருக்கும் புரியாத சொல். இக்திதாஃப், சாரிசிக், கதிர்கா. விளக்கம் எதுவும் கிடையாது. சில சொற்கள் ஒரே ஒரு நாள் வந்தன, சில இருபத்தைந்து முறை வந்தன. பிறகு வாசகர்களிடம், இந்தச் சொல் நல்லதைக் குறிக்குமா கெட்டதைக் குறிக்குமா, சும்மா ஊகித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அதிகம் வந்த சொற்களுக்கு நல்ல அர்த்தமாகத்தான் இருக்கும் என்றார்கள். (எனக்கு ஒரே தடவையிலேயே கதிர்காவைப் பிடித்துவிட்டது. தமிழ்க் காது.)

எங்கள் தொழிலில் இதை வேதவாக்காக வைத்திருக்கிறோம். "பழகினா புடிச்சுரும்ணா" என்று சொல்லாத டிசைனர் இல்லை. நைக்கியின் அந்த வளைவை 1971இல் ஒரு மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தபோது, நிறுவனர் ஃபில் நைட்டே, இது எனக்குப் பிடிக்கவில்லை, போகப் போகப் பிடிக்கலாம் என்றுதான் சொன்னார். லண்டன் ஒலிம்பிக்ஸ் லோகோவை 2007இல் வெளியிட்டபோது ஊரே காறித் துப்பியது. மாற்றச் சொல்லிக் கையெழுத்து இயக்கம்கூட நடந்தது. மாற்றவில்லை, 2012 வரைக்கும் அதுதான் நின்றது. கேப் என்கிற துணிக்கடைக்காரர்கள் 2010இல் புது லோகோ போட்டு, வசவு தாங்காமல் ஒரே வாரத்தில் பழையதற்கே ஓடிவிட்டார்கள். இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்திருந்தால் பழகியிருக்குமே என்று அன்றைக்கு நான் ஒரு நண்பரோடு சண்டையே போட்டேன்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆரம்பத்திலேயே வெறுப்பு இருந்தால், திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைக் கூட்டவும் செய்யும் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. அதைவிடப் பெரிய சாட்சி நம் சுவர்களில் இருக்கிறது. 1960களின் கடைசியில் மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் தீப் தியாகி என்கிற அதிகாரி தலைகீழான ஒரு சிவப்பு முக்கோணத்தைப் பிடித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், எவ்வளவு மோசமான தூரிகையாலும் வரைய முடியவேண்டும். கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் முக்கோணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில், பஸ்ஸின் முதுகில், "நாம் இருவர் நமக்கு இருவர்" பக்கத்தில் பார்த்துப் பார்த்து, சிவப்பு முக்கோணம் என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. தெரியும் என்பதை வாய்விட்டுச் சொன்னால் அடி விழும் என்பதும் தெரிந்தது. அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. வட மாநிலங்களில் ஆண்களைப் பிடித்துப்போய் அறுவை செய்தார்கள். அதே முக்கோணம், அதே சிவப்பு. பார்த்துப் பழகியவர்களுக்கு இப்போது அதைக் கண்டாலே ஓட்டம். 1977க்குப் பிறகு துறையின் பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றினார்கள். முக்கோணத்தை மாற்றவில்லை. அதன்மேல் கோபித்து என்ன பிரயோஜனம்? தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த மூன்று கோடு அது. பக்கத்தில் நடப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவே.

முறுக்கு

எங்கள் மூன்று வளைவுகளுக்கு முதல் இரண்டு வருஷம் நல்ல பெயர் இல்லை. டீலர்கள் மயில் கேட்டார்கள். அட்டைப்பெட்டியில் ஓரமாகவாவது மயிலைப் போடுங்கள் என்று கெஞ்சியதால் ஒரு வருஷம் இரண்டும் சேர்ந்தே வந்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒருவர், பழைய பம்பு என்றால்தான் வாங்குவேன், இது வேற கம்பெனி, ஏமாத்தறீங்க என்று சண்டை பிடித்தாராம். அண்ணா ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன் பண்ணுவதைக் குறைத்துக்கொண்டார். நல்ல மனிதர்கள் வருத்தத்தைக் காட்டும் விதம் அது.

2019 என்று நினைக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. என் வீட்டு மோட்டாருக்கு ஒரு வால்வு வாங்க நின்றிருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு போர்வெல்காரர் வந்து, கடைக்காரரைப் பார்த்து, "முறுக்கு மார்க் ஒண்ணரை எச்பி இருக்குதுங்களா?" என்றார். கடைப் பையன் நேராகப் போய் எங்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான்.

நான் வால்வை வாங்காமல் அப்படியே நின்றேன். முறுக்கு. பூமி, நீர், உழவன், எதுவுமே அந்தக் கல்லாமேஜை வரைக்கும் வந்து சேரவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியிருக்கிறது, முறுக்குப் போல இருக்கிறது, பம்பு காயில் கருகாமல் ஓடுகிறது, முறுக்கு மார்க் கொடு. போர்வெல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தச் சின்னம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புடிக்கறதுக்கு என்னங்க இருக்குது? நல்லா ஓடுதுங்க" என்றார்.

மத்தியப் பிரதேசத்து டீலரின் முர்கா அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மயில் செத்திருக்கவில்லை. அவர் அதற்குத் தன் வாயால் ஒரு பெயர் வைத்திருந்தார். முப்பது பம்பு கேட்கிற அளவுக்கு அது அவருடைய பண்டமாகியிருந்தது. மயிலைக் கோழி என்றுவிட்டார்களே என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வருத்தப்பட்டோம். அந்தப் பெயர் எத்தனை வருஷம் நன்றாக ஓடிய பம்புகளின் மேல் நின்றுகொண்டிருந்தது என்று யோசிக்கவில்லை. மயிலை எடுத்தது தப்பா என்று என்னைக் கேட்டால், வார்ப்புக்காக எடுக்கத்தான் வேண்டியிருந்தது என்பேன். ஆனால் அந்த ஸ்லைடில் உழவனுக்குப் பதில் அந்த டீலரைப் போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு கான்செப்ட் ஸ்லைடு செய்வதை விட்டுவிட்டேனா? இல்லை. கேட்கிறார்கள், கொடுக்கிறேன். வெறுங்கையோடு நிற்கிற வாடிக்கையாளர் தன் மனைவியிடமும் பார்ட்னரிடமும் போய் எதையாவது சொல்ல வேண்டுமே. ஒரு நோஞ்சான் பிள்ளைக்கு நடைவண்டி கொடுப்பது மாதிரி அது. ஆனால் அதில் இப்போது நாலு மில்லிமீட்டர் கோட்டையும் கயிறையும் ஆணியையும் முதலில் எழுதுகிறேன். ஆச்சரியம், அந்தப் பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் பார்க்கிறார்கள்.

ஆத்தா 2021இல் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போயிருந்தபோது அண்ணாவிடம் முறுக்குக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. கம்பெனி கேண்டீனில்கூட அப்படித்தான் சொல்கிறார்களாம், எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தர்மபுரிப் பக்கம் ஒரு கடையில் எடுத்தது. எங்கள் பம்பு மாதிரியே நீலம், அதே இடத்தில் அதே வளைவுகள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், மூன்றுக்குப் பதிலாக நாலு வளைவு. டூப்ளிகேட். வக்கீலிடம் பேசிவிட்டுத்தான் எனக்குக் கூப்பிட்டிருந்தார். கோபமாக ஆரம்பித்தவரின் குரலில் போகப் போக வேறு ஏதோ சேர்ந்துகொண்டது. கல்யாண வீட்டில் தன் பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால் வருமே, அந்தக் குரல். நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவது வளைவு மற்றதைவிடச் சன்னம், மண் பிடித்து ஓரம் தேய்ந்திருந்தது.

"பாருங்க தம்பி, நம்ம முறுக்குல ஒரு சுத்து சேத்திட்டான்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவர்தான் கேட்டார்.

"பூமி, தண்ணி, விவசாயி சரி. அந்த நாலாவது என்னதுங்க தம்பி?"